ஏற்காட்டு பங்களாவில் விக்டோரியா காலம்: பொருளின் அடிப்பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள்

ஏற்காடு ஏரியிலிருந்து சற்று விலகி, காப்பிச் செடிகளுக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் நடுவே இருக்கும் ஒரு பழைய பங்களா. அதன் ஆறு அறைகளில் விக்டோரியா காலத்துப் பீங்கான், வெள்ளிச் சாமான், மேசை நாற்காலி, சுவர்த்தாள், துணி, படங்கள் எல்லாம் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். தோட்டத்துக் குடும்பம் விளம்பரத்தை விரும்பவில்லை. அதனால் பெயரை இங்கே எழுதவில்லை. முந்தின நாளே போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு தடவைக்கு எட்டுப் பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை. ஆளுக்கு 150 ரூபாய். பார்த்து முடிக்க இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

விக்டோரியா காலம் என்றால் 1837 முதல் 1901 வரை. வாசலில் உள்ள அறிமுகப் பலகை சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்ததையும் அந்தக் காலத்தில் சேர்த்து எழுதியிருக்கிறது. அது சரியல்ல. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பி பயிரிட வைத்தது 1820களில், விக்டோரியா பட்டத்துக்கு வருவதற்கு முன்பே. மலைக்குத் தோட்டக்காரர்கள் வந்து பங்களா கட்டிக் குடியேறி, கப்பலில் சாமான் வரவழைத்ததுதான் விக்டோரியா காலக் கதை. பலகையைத் திருத்தி எழுத ஒரு நாள் போதும்; செய்துவிட வேண்டும்.

இவ்வளவு தூரம் மலை ஏறிப் போவதற்கான காரணம் இரண்டாவது அறையில் இருக்கிறது. ஒரு நீள மேசைமேல் இருபதுக்கும் மேற்பட்ட பொருட்களைக் கண்ணாடிப் பெட்டி போடாமல் வைத்திருக்கிறார்கள். பொறுப்பாளர் பக்கத்தில் நிற்க, கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். வேறு எந்தக் கலையையும் விட விக்டோரியா காலக் கைவினைக்கு இது அவசியம். ஒன்றை இன்னொன்றாகக் காட்டும் தொழில்நுட்பங்கள் பெருகிய காலம் அது. செம்பும் நிக்கலும் கலந்த உலோகம் வெள்ளியாகத் தெரிந்தது. காகிதத்திலிருந்து ஒற்றியெடுத்த படம் கைவண்ணமாகத் தெரிந்தது. காகிதக்கூழ் அரக்கு பூசிய மரமாகத் தெரிந்தது. 1851ல் லண்டன் ஹைட் பூங்காவில் கண்ணாடி மாளிகை கட்டி நடத்திய மகா கண்காட்சி இந்தத் திறமைகளையெல்லாம் உலகத்துக்குக் காட்டியது. துணி, சுவர்த்தாள் வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் போன்றவர்கள் அதை எதிர்த்துக் கைவேலைக்குத் திரும்பச் சொன்னதும் இதனால்தான். முன்பக்கம் இரண்டு தரப்பும் அழகு. எது எப்படிச் செய்யப்பட்டது என்பதை அடிப்பக்கமும் உடைந்த ஓரமும் சொல்லும்.

மேசையில் முதலில் நீல வெள்ளைத் தட்டுகள். கையால் வரைந்ததாக நினைத்துக் கடந்துபோகிறவர்கள் அதிகம். செப்புத் தகட்டில் செதுக்கி, மையிட்டு, மெல்லிய காகிதத்தில் ஒற்றி, அந்தக் காகிதத்தைத் தட்டின்மேல் ஒட்டித் தேய்த்து, பிறகு மெருகு பூசிச் சுட்டவை அவை. காகிதத்தை வளைந்த இடத்தில் ஒட்டும்போது எங்கோ ஓரிடத்தில் இரண்டு முனைகள் சேர வேண்டும். அங்கே கொடியும் பூவும் சரியாகப் பொருந்தாது. கிண்ணமாக இருந்தால் கைப்பிடிக்குக் கீழே பாருங்கள், தட்டாக இருந்தால் விளிம்புப் பட்டையைச் சுற்றிப் பாருங்கள், இணைப்பு பெரும்பாலும் அகப்படும். கைவேலையில் அப்படிப்பட்ட வெட்டு இருக்காது.

அடுத்து அடியில் உள்ள முத்திரை. சாய்சதுர வடிவில், மூலைக்கு ஓர் எழுத்தோ எண்ணோ உள்ள முத்திரை இருந்தால் அந்த வடிவமைப்பு 1842க்கும் 1883க்கும் இடையே லண்டனில் பதிவானது. உச்சியில் உள்ள வட்டத்தில் ரோமன் எண் நான்கு இருந்தால் பீங்கான் வகை, மூன்று என்றால் கண்ணாடி, இரண்டு மரம், ஒன்று உலோகம். ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1867 வரை மேல் மூலையில், 1868 முதல் வலது மூலையில். இது வடிவமைப்பைப் பதிவு செய்த நாள். தட்டு அதற்குப் பல வருடம் கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம். 1884 முதல் இந்தச் சாய்சதுரம் போய் வெறும் வரிசை எண் வந்துவிட்டது.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் மேசையின் இடது கோடியில் உள்ள பெரிய தட்டின் குறிப்பு அட்டை தவறு என்று புரியும். ‘1851 மகா கண்காட்சிக் காலம்’ என்று எழுதியிருக்கிறது. அடியிலோ ‘இங்கிலாந்து’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சொன்ன பிறகுதான் நாட்டின் பெயரை இப்படிப் போடுவது வழக்கமாயிற்று. அந்தத் தட்டு 1891ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்தது. தட்டு நல்ல தட்டுதான். நாற்பது வருடம் கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

ஒரு குறை. எதைத் தொட்டாலும் பருத்திக் கையுறை போடச் சொல்கிறார்கள். வெள்ளிக்கு அது சரி. வியர்வை உப்பு பட்ட இடம் சில நாளில் விரல்ரேகையோடு கறுத்துவிடும். பீங்கானுக்கு அது ஆபத்து, மெருகின்மேல் பருத்தி வழுக்கும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த வெறுங்கையே பீங்கானுக்குப் பாதுகாப்பு. கேட்டால் ஒப்புக்கொள்கிறார்கள், கேளுங்கள். கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள். பழைய ஒட்டு இருந்தால் முதலில் விடுவது அங்கேதான்.

வெள்ளி அலமாரி இந்தக் கண்காட்சியின் உயிர். சேலத்துக்காரர்கள் இங்கே அதிக நேரம் நிற்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் கொலுசு செய்யும் கைகளுக்கு இதில் உள்ள ஒவ்வொரு வேலையும் பேர் சொல்லித் தெரியும். மேல் தட்டில் இங்கிலாந்துப் பொருட்கள், கீழ்த் தட்டில் சென்னைப் பட்டணத்துப் பொருட்கள்.

மேல் தட்டில் உள்ளவற்றில் முக்கால்வாசி முலாம். பர்மிங்காமில் எல்கிங்டன் நிறுவனம் 1840ல் மின்சார முலாமுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு நடுத்தரக் குடும்பத்து மேசைக்கும் ‘வெள்ளி’ வந்தது. அடியில் இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. பெயரில் ‘நிக்கல் வெள்ளி’ என்றாலும் அதில் வெள்ளி துளியும் கிடையாது. ஈ.பி.என்.எஸ். (மின்முலாம் பூசிய நிக்கல் வெள்ளி என்பதன் சுருக்கம்) என்ற நான்கு எழுத்துகளைத் தனித்தனிக் கட்டத்துக்குள் பழைய பாணி எழுத்தில் குத்தியிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் வெள்ளி முத்திரை வரிசை மாதிரியே தெரியும். அசல் ஆங்கில வெள்ளியில் நடக்கும் சிங்கம் இருக்கும், நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரைப் பங்கு வெள்ளி என்பதற்கு அடையாளம். முத்திரை தேய்ந்திருந்தால் உரைகல்லும் அமிலமும் தேவையில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் கால், விளிம்பு, கைப்பிடியின் முதுகு இந்த மூன்று இடங்களைப் பாருங்கள். கை அதிகம் படும் இடத்தில் முலாம் தேய்ந்து மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் எட்டிப்பார்க்கும். அசல் வெள்ளி எவ்வளவு தேய்ந்தாலும் அடியிலும் அதே நிறம்.

கீழ்த் தட்டில் ஒரு தேநீர்க் கெண்டி, ஒரு சர்க்கரைக் கிண்ணம், ஒரு சிறு தட்டு. மூன்றிலும் சாமி உருவங்கள் புடைத்து நிற்கின்றன. சென்னை மவுண்ட் ரோடு பி. ஆர் அண்டு சன்ஸ் விற்று உலகப் பேர் வாங்கிய ‘சுவாமி’ வெள்ளி வகை இது. 1875–76ல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது அவருக்குக் கிடைத்த பரிசுகளில் இந்த வகை வெள்ளியும் உண்டு. வடிவம் இங்கிலாந்துத் தேநீர் மேசைக்கானது. உடம்பு முழுக்கக் கோயில் தூணில் உள்ள வேலை. அந்தத் திறமை தமிழ்நாட்டுத் தட்டாருடையது. கடையின் பெயர்தான் பொருளில் குத்தியிருக்கும், செய்தவர் பெயர் இருக்காது. குறிப்பு அட்டையிலும் ‘இந்தியக் கைவினைஞர்’ என்ற ஒரு சொல்லோடு முடித்துவிட்டார்கள். செய்முறையையாவது எழுதியிருக்கலாம்.

செய்முறை இதுதான். வெள்ளித் தகட்டைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு மென்மையாக்குவார்கள். அடியில் அரக்கு கலந்த பிசினை நிரப்பி, மொண்ணை உளிகளால் பின்னிருந்து தட்டி உருவத்தை எழுப்பி, திருப்பி முன்னிருந்து நுணுக்கம் சேர்ப்பார்கள். தட்டத் தட்ட வெள்ளி விறைத்துவிடும். மறுபடி காய்ச்சாமல் தட்டினால் மூக்கு, முழங்கை மாதிரி உயர்ந்த இடங்களில் தகடு கிழியும். கிண்ணத்தின் உட்புறத்தைக் கட்டாயம் பாருங்கள். வெளியே புடைத்திருக்கும் இடத்துக்கு நேராக உள்ளே குழி இருந்தால் தகட்டிலிருந்தே எழுப்பியது. உள்ளே வழவழவென்று இருந்தால் உருவத்தைத் தனியாகச் செய்து பற்றவைத்திருக்கலாம், உள்ளே இன்னொரு தகடும் போட்டிருக்கலாம். இங்கே கிண்ணத்தில் குழி தெரிகிறது. ஒரு உருவத்தின் தோள்பட்டையில் மயிரிழைக் கிழிசலைப் பற்றவைத்து மூடிய தழும்பும் தெரிகிறது. லென்ஸ் இருந்தால் இதைத் தவறவிடாதீர்கள். அவசரப்பட்ட ஒரு தட்டும் அதைச் சரிசெய்த கையும் அந்த ஒரே இடத்தில் இருக்கின்றன.

சாமான் அறையில் ஈட்டி மர அலமாரி, வட்ட முதுகு நாற்காலிகள், நீண்ட கை வைத்த தோட்டக்காரர் சாய்வு நாற்காலி இரண்டு, வளைத்த மரத்தில் செய்த தோனெட் கம்பெனி நாற்காலி ஒன்று. இங்கிலாந்தில் ஈட்டி விலை உயர்ந்த இறக்குமதி. மலிவு மரத்தின்மேல் மெல்லிய ஈட்டித் தகடு ஒட்டுவதே அங்கே வழக்கம். நம் மலைக்காட்டில் மரமே கிடைத்ததால் இங்குள்ள தச்சர்கள் கட்டையாகவே போட்டார்கள். இழுப்பறையை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பக்கப் பலகையும் முன்பலகையும் சேரும் இடத்தில் புறா வால் மாதிரி பல் வெட்டியிருக்கும். பற்கள் ஒன்றுக்கொன்று சிறிது பேதப்பட்டு, அளவுக்கோடு கீறிய தடம் தெரிந்தால் கைவேலை. அச்சடித்ததுபோல ஒரே அளவாக இருந்தால் இயந்திரம். அடிப்பலகையில் நேர்க்கோடாக ரம்பத் தடம் இருந்தால் கையால் அறுத்ததாக இருக்கலாம், வில் வில்லாக வளைந்திருந்தால் வட்ட ரம்பம். திருகாணியும் சாட்சி சொல்லும். 1850களுக்கு முந்தையவற்றில் முனை மொண்ணையாக இருக்கும்.

தோனெட் நாற்காலி ஆஸ்திரியச் சரக்கு. 1859ல் வந்த பதினான்காம் எண் மாதிரி. நீராவியில் வேகவைத்து வளைத்த ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள், அவ்வளவுதான். பிரித்து அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் முப்பத்தாறு நாற்காலி அடங்கும். மலைப்பாதையில் மாட்டுவண்டி ஏற வேண்டிய ஊருக்கு இதைவிடப் பொருத்தமான நாற்காலி எது? அட்டையில் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. ஓரத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இந்த அறையில் மனதை வருத்தும் இரண்டு காரியங்கள் நடந்திருக்கின்றன. சாய்வு நாற்காலி ஒன்றுக்குப் பிரம்பை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் வயர் பின்னியிருக்கிறார்கள். பிரம்பு ஈரத்தில் சற்று தளர்ந்து, காய்ந்ததும் இறுகும். உடம்புப் பாரத்துக்கு வளைந்து கொடுக்கும். வயர் அப்படிக் கொடுக்காது. நேராகச் சட்டத்தின் துளைகளை இழுக்கும், துளைக்கும் துளைக்கும் நடுவே மரம் விரிசல் விடும். விரிசல் இப்போதே இரண்டு இடத்தில் தொடங்கிவிட்டது. நல்ல பிரம்பை ஊறவைத்து ஆறு திசைப் பின்னலில் போடும் ஆட்கள் சேலத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

இரண்டாவது, வட்ட மேசைக்கு மெலமைன் பாலிஷ் ஸ்ப்ரே அடித்தது. அந்தக் காலத்து மெருகு அவலரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் கரைத்து, துணியில் பொதிந்த பஞ்சால் மெல்லிய பூச்சாகப் பல தடவை ஏற்றுவது. அதில் வெளிச்சம் மரத்துக்குள் இறங்கித் திரும்பும். மெலமைன் மேலே கண்ணாடி போட்டதுபோல மினுங்கும், மரத்தின் ஆழம் தெரியாது. அரக்கு மெருகு பழுதானால் அதன்மேலேயே ஏற்றிச் சரிசெய்யலாம். மெலமைனைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், கூடவே நூறு வருடத்து மேல்தோலும் போய்விடும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் அரக்கு மெருகு வெள்ளையாகப் பூக்கும் என்பது உண்மைதான். அந்தப் பூப்பு மேலோட்டமானது. அறை காய்ந்தால் பல நேரம் தானாக மறையும், இல்லாவிட்டால் ஸ்பிரிட் சிறிது தொட்ட பஞ்சால் ஒரே வீச்சில் தடவி எடுக்கலாம். அதற்குப் பயந்து மெலமைன் அடித்திருக்க வேண்டாம். மற்ற சாமான்களை இப்படியே விட்டுவைக்கும்படி போகிறவர்கள் எல்லோரும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் நல்லது.

வராந்தா தரையை மிதித்துவிட்டுப் போய்விடாதீர்கள். ஆறு அங்குலச் சதுர ஓடுகள், காவியும் மஞ்சளும் கறுப்பும். நம் ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது, கண்ணாடிமேல் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது, சுடுவதில்லை. இது களிமண், இங்கிலாந்தின் மிண்டன் நிறுவனம் பிரபலமாக்கிய பதிகளிமண் ஓடு. கோலத்தைக் குழியாக அச்சில் அழுத்தி, குழியில் வேறு நிறக் குழம்புக் களிமண்ணை ஊற்றி, மேலே சுரண்டிச் சமன்செய்து சூளையில் வைப்பது. படிக்கட்டு ஓரத்தில் உடைந்த ஓடு ஒன்று இருக்கிறது. நிறம் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருப்பது அதில் கண்ணுக்குத் தெரியும். இத்தனை வருடம் மிதிபட்டும் கோலம் அழியாததற்குக் காரணம் அதுதான். சுடும்போது இரண்டு களிமண்ணும் ஒரே அளவு சுருங்காவிட்டால் நடுக்கோலம் உதிர்ந்து குழி மட்டும் மிஞ்சும். வாசற்படிக்கு இடப்புறம் அப்படி மூன்று ஓடுகள்.

சுவர்த்தாள் சுவரில் இல்லை, சட்டமிட்டு மாட்டியிருக்கிறது. இந்த மலையின் ஈரத்தில் பசையோடு ஒட்டிய தாள் நிற்காது. பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும் பசைக்காகவே வரும். மரக்கட்டையால் கையச்சு செய்த தாளில் சாயம் கனமாக உட்கார்ந்து, ஒவ்வொரு நிறத்தின் ஓரத்திலும் சிறு வரப்பு தெரியும். தாளின் ஓரத்தில் கட்டையை வரிசையில் வைக்க உதவிய ஊசிப்புள்ளிகளும் இருக்கும். உருளை இயந்திரத் தாளில் சாயம் மெல்லியதாகத் தட்டையாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியது நல்ல யோசனை. மூன்றாவது சட்டத்தில் உள்ள பளிச்சென்ற பச்சைத் தாளுக்கு எச்சரிக்கை எழுதி, கண்ணாடியை நாலாபுறமும் அடைத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் காலப் பச்சைகளில் ஆர்சனிக் சேர்ந்தவை அதிகம். ஈரத்தில் பூஞ்சணம் பிடித்தால் விஷக் காற்று வரலாம். சட்டத்தைத் தொட வேண்டாம், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். மாரிஸ் ஒரு காலத்தில் ஆர்சனிக் எடுத்த சுரங்கக் கம்பெனியின் இயக்குநராக இருந்தவர் என்பதையும் அட்டையில் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

துணியில் பார்க்க வேண்டியது ஒன்றே: ஸ்ட்ராபெரி திருடும் பறவைகள், மாரிஸ் 1883ல் வடிவமைத்தது. இங்கிருப்பது பிற்கால மறுஅச்சு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். மூலத்தின் முறை நம் சாயக்காரர்களுக்குப் புரியும். துணி முழுவதையும் அவுரியில் தோய்த்து, வேண்டாத இடத்தில் வெளுப்புச் சாந்தை அச்சிட்டு நீலத்தை எடுத்து, பிறகு சிவப்பும் மஞ்சளும் ஏற்றுவது. ஆனால் மாட்டிய இடம் மோசம். மேற்கு ஜன்னலுக்கு எதிரே. பழைய துணிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சமே உச்சவரம்பு என்பது அருங்காட்சியக வழக்கம். ஜன்னல் வெயில் அதைப்போலப் பல மடங்கு. அதே சுவரில் உள்ள அசல் விக்டோரியா காலக் கம்பளித் தையல் ஏற்கனவே பாதி வெளுத்துவிட்டது. 1856ல் வேதியியலாளர் பெர்கின் கண்டுபிடித்த ஊதாவுக்குப் பிறகு வந்த ஆரம்பகால ரசாயனச் சாயங்கள் வெயிலைத் தாங்காதவை. ஒரு கெட்டித் திரைச்சீலை போட்டால் தீரும் பிரச்சினை.

ஓவிய அறைக்குப் பத்து நிமிடம் போதும். ஆங்கில ஓவியர் மில்லேயின் ‘ஒஃபீலியா’ லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே மாட்டியிருப்பது இன்றைய அச்சு. லென்ஸில் வரிசையான புள்ளிப்பூக்கள் தெரியும். அதை அட்டையில் சொல்லவில்லை, சொல்ல வேண்டும். பக்கத்தில் உள்ள கல்லச்சுப் படங்கள் அசல். அவற்றில் புள்ளி ஒழுங்கில்லாமல் மணல் மாதிரி சிதறியிருக்கும். மாடிப்படித் திருப்பத்தில் உள்ள வண்ணக் கண்ணாடி ஜன்னலைக் காலை வெயிலில் பாருங்கள். அதில் உள்ள மஞ்சள், வெள்ளி உப்பைத் தடவிச் சுட்டதால் வந்த நிறம்.

சேலத்திலிருந்து அடிவாரம் வழியாக இருபது கொண்டை ஊசி வளைவு. காலை பத்து மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் மஞ்சள் விளக்கு போடுவார்கள், நீலமும் பச்சையும் சரியாகத் தெரியாது. கோடை விழா நாட்களில் பாதையில் நிற்பதிலேயே நேரம் போய்விடும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, சிறிய வெள்ளை டார்ச் ஒன்று எடுத்துப் போங்கள். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் படுக்கப்பிடித்தால் உளித் தடமும் சாய வரப்பும் எழுந்து தெரியும். துணிமேல் அடிக்காதீர்கள். மாடிக்குப் படி மட்டுமே. முட்டிவலி உள்ளவர்கள் கீழே உள்ள நான்கு அறையோடு நிறுத்திக்கொள்ளலாம், முக்கியமானவை எல்லாம் அங்கேதான்.

பங்களாக்காரர்களுக்கு ஒன்று. சுவாமி வெள்ளி மூன்றும் சிவப்புக் கம்பளித் துணிமேல் இருக்கின்றன. கம்பளியில் உள்ள கந்தகம்தான் கெண்டியின் அடி வளையத்தைக் கறுக்கவைக்கிறது. அதைப் போக்கப் பாலிஷ் போட்டுத் தேய்த்ததில்தான் சாமி முகங்களில் மூக்கு மழுங்கிவருகிறது, இடுக்குகளில் வெள்ளைப் பொடி தங்கியிருக்கிறது. கம்பளியை எடுத்துவிட்டு, பலமுறை துவைத்த, கஞ்சி போடாத பழைய வேட்டித் துணியை விரித்து வையுங்கள்.